எந்தத் தீவு? எந்தக் கரை?

ஒரே கடல். அதில் நூற்றுக்கணக்கான தீவுகள். எல்லாத் தீவிலும் நீல நீர். எல்லாத் தீவிலும் தென்னை மரம். இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது?

கரீபியன் கடலுக்கு விடுமுறைக்குப் போகிறவர்களைத் திணற வைக்கும் கேள்வி இது.

போகிறவர்கள் யார்? பெரும்பாலும் அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து நாட்டவர்கள். டிசம்பர் பிறந்துவிட்டால் அங்கே குளிர் வாட்டும். கனடாவில் பனி கொட்டும். வாசலில் குவிந்த பனியை மண்வாரியால் தள்ளிவிட்டுத்தான் வேலைக்குப் போக வேண்டும். மாலை ஐந்து மணிக்குள் இருட்டிவிடும். அப்போது மனம் வெயிலைத் தேடும். விமானம் ஏறினால், சில மணி நேரத்தில் வெயிலும் வெதுவெதுப்பான கடலும் கிடைக்கும்.

ஆனால் செலவு கொஞ்சமல்ல. ஒரு வாரம் தங்கிவிட்டு வர, பலருக்கு ஒரு வருடச் சேமிப்பு கரைந்துவிடும். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு, "இனியாவது நாம் இருவரும் எங்காவது போய் வருவோம்" என்று கிளம்பும் தம்பதிகளும் உண்டு. கல்யாணமான கையோடு கிளம்பும் இளம் ஜோடிகளும் உண்டு. இவர்கள் தவறான இடத்தைப் பிடித்துவிட்டால், பணமும் போச்சு, ஆசையும் போச்சு!

ஓட்டல்காரர்கள் அச்சிடும் படங்களைப் பார்த்தால் எல்லா இடமும் ஒன்றாகத்தான் தெரியும். வெள்ளை மணல், இரண்டு நாற்காலி, ஒரு குடை. படத்தில் காற்று தெரியாது. நாற்றம் தெரியாது. ஓட்டலைச் சுற்றியிருக்கும் மதில் சுவரும் தெரியாது. இந்த மூன்றையும் விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகே பணத்தைக் கட்ட வேண்டும்.

பெயரைப் பார்த்து மயங்கக் கூடாது

1492-ம் ஆண்டில் கொலம்பஸ் இந்தியாவைத் தேடிப் புறப்பட்டார். போய்ச் சேர்ந்தது பகாமாஸ் தீவுகளில் ஒன்றில். அதையே இந்தியா பக்கத்துத் தீவு என்று நினைத்தார். அதனால்தான் அந்தப் பகுதிக்கு "மேற்கிந்தியத் தீவுகள்" என்று பெயர் வந்தது.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு மேற்கிந்தியத் தீவுகள் ஒரே அணி. ஆனால் அது ஒரே நாடு அல்ல. பார்படாஸ், ஜமைக்கா, டிரினிடாட் எல்லாம் தனித்தனி நாடுகள். கியூபாவில் ஸ்பானிஷ் மொழி. மார்ட்டினிக்கில் பிரெஞ்சு. அரூபா, டச்சு அரசைச் சேர்ந்த தீவு. செயின்ட் மார்ட்டின் என்ற சிறு தீவை 1648-ம் ஆண்டிலிருந்து பிரெஞ்சுக்காரரும் டச்சுக்காரரும் பங்கு போட்டு ஆளுகிறார்கள்!

பெயரிலும் குழப்பம் உண்டு. டொமினிக்கா என்று ஒரு தீவு. டொமினிக்கன் குடியரசு என்று ஒரு நாடு. இரண்டும் வேறு வேறு. டொமினிக்கன் குடியரசில் ஸ்பானிஷ் பேசுவார்கள். அங்கே நீண்ட வெள்ளை மணற்கரையும், வரிசை வரிசையாகப் பெரிய ஓட்டல்களும் உண்டு. டொமினிக்காவில் ஆங்கிலம் பேசுவார்கள். அங்கே மலை, காடு, அருவி, கொதிக்கும் ஏரி எல்லாம் உண்டு. வெள்ளை மணற்கரைதான் அரிது. மலையேறப் போகிறவருக்கு டொமினிக்கா சொர்க்கம். மணலில் படுத்து வெயில் காயப் போகிறவர் அங்கே போனால் ஏமாந்துதான் திரும்ப வேண்டும்.

வெள்ளை மணல், கறுப்பு மணல்

மணலில் ஏன் இந்த வித்தியாசம்?

கரீபியன் தீவுகளில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று எரிமலை கக்கிய தீவு. அதன் மணல் கறுப்பு அல்லது சாம்பல் நிறம். மற்றொன்று பவளப் பாறையும் சுண்ணாம்புக் கல்லும் வளர்ந்து உண்டான தீவு. அதன் மணல் வெள்ளை.

அந்த வெள்ளை மணலில் ஒரு பங்கு எப்படி வந்தது தெரியுமா? மீன் வயிற்றிலிருந்து வந்தது! கிளி மூக்கைப் போன்ற வாயை உடைய ஒரு மீன் அங்கே உண்டு. பாறையில் படர்ந்த பாசியைத் தின்னும்போது, பவளத்தையும் சேர்த்துக் கடித்து விழுங்கிவிடும். பாசி செரிக்கும். பவளம் பொடியாகி வெளியே வரும். நன்றாக வளர்ந்த ஒரு மீன், ஒரு வருடத்தில் நூற்றுக்கணக்கான கிலோ மணலைத் தள்ளுமாம். உல்லாசப் பயணிகள் படுத்துப் புரளும் மணலில் அந்த மீனின் உழைப்பும் இருக்கிறது.

இரண்டு நிற மணலையும் ஒரே இடத்தில் பார்க்க விரும்புகிறவர் குவாதலூப்புக்குப் போகலாம். அது பட்டாம்பூச்சி வடிவத்தில் இருக்கும். ஒரு சிறகு சுண்ணாம்புத் தரை. அங்கே வெள்ளை மணல். மறு சிறகு எரிமலை, அங்கே கருமணல்.

ஒரு தீவு, இரண்டு கடல்

தீவைத் தேர்ந்தெடுத்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. தீவின் எந்தப் பக்கம் என்பதையும் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டு மீனவர்கள் கிழக்கிலிருந்து வரும் காற்றைக் கொண்டல் என்பார்கள். கரீபியன் கடலில் வருடத்தின் பெரும்பகுதி இப்படிக் கிழக்குக் காற்றுதான். ஆகவே தீவின் கிழக்குக் கரையில் அலை மோதும். மேற்குக் கரை குளம்போல் அமைதியாக இருக்கும்.

பார்படாஸ் தீவைப் பாருங்கள். நீளம் சுமார் 21 மைல். அகலம் சுமார் 14 மைல். காலையில் ஒரு கரை, மாலையில் மறு கரை என்று பார்த்துவிடலாம். கிழக்கே பாத்ஷெபா என்ற ஊர். அட்லாண்டிக் கடல் அங்கே சீறிக்கொண்டு வந்து பாறையில் மோதும். அலைமேல் பலகை போட்டுச் சறுக்கும் வீரர்களுக்கு அது கொண்டாட்டம். சாதாரண ஆள் நீந்தினால் ஆபத்து. மேற்குக் கரையில் இடுப்பளவு நீரில் பாட்டிகூட நின்று குளிக்கலாம். அதனால் அங்கே ஓட்டல் வாடகை எகிறி நிற்கும். தெற்குக் கரையில் ஓரளவு அலை, ஓரளவு வாடகை.

2011-ம் ஆண்டிலிருந்து வேறொரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது. சர்காசம் என்ற பழுப்பு நிறக் கடற்பாசி அட்லாண்டிக்கிலிருந்து மிதந்து வந்து கரையில் குவிகிறது. குவிந்து அழுகினால் அழுகிய முட்டை நாற்றம்! வசந்த காலத்திலும் கோடையிலும் இது அதிகம். இதுவும் கிழக்குப் பக்கத்துக் கரைகளைத்தான் முதலில் தாக்குகிறது. காலையில் ஆட்களை வைத்து வாரினாலும், மாலையில் மறுபடி வந்து சேரும். "உங்கள் கரை எந்தத் திசையைப் பார்த்து இருக்கிறது?" என்று ஓட்டல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

புயல் வரும் மாதங்கள்

ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அங்கே புயல் காலம். ஆகஸ்டு, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஆபத்து அதிகம். அதனால்தான் செப்டம்பரில் ஓட்டல் அறை மலிவாகக் கிடைக்கிறது. டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை வானம் தெளிவு, வாடகையோ உச்சம். கையைக் கடிக்காத வாடகையும் வேண்டும், புயல் பயமும் கூடாது என்பவர்களுக்கு ஏப்ரல் கடைசியும் மே மாதமும் பொருத்தம்.

புயல் பாதையிலிருந்து விலகிய தீவுகளும் உண்டு. அரூபா, பொனேர், குராசாவ் மூன்றும் தெற்கே, வெனிசுலா நாட்டை ஒட்டி இருக்கின்றன. அங்கே புயல் போவது அரிது. மழையும் குறைவு. அரூபாவில் ஆறு கிடையாது. கடல் நீரை நன்னீராக்கித்தான் குடிக்கிறார்கள். காற்று மட்டும் ஓயாமல் வீசும். டிவிடிவி என்ற மரம் அந்தக் காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து, கூன் விழுந்த கிழவரைப்போல் நிற்கும்.

ஆனால் தெற்கே இருக்கும் தீவு எல்லாம் தப்பிவிடும் என்று நம்பிவிடக் கூடாது. கிரெனடாவும் தெற்கேதான் இருக்கிறது. 2004 செப்டம்பரில் இவான் புயல் அங்கே பத்து வீட்டுக்கு ஒன்பது வீட்டைச் சேதப்படுத்தியது. 2024 ஜூலை 1-ந் தேதி பெரில் புயல், கிரெனடாவைச் சேர்ந்த கரியாக்கூ என்ற சிறு தீவைச் சூறையாடியது. 2025 அக்டோபர் 28-ந் தேதி மெலிசா புயல் ஜமைக்காவில் கரை ஏறியது. அது மிகக் கடுமையான ஐந்தாம் வகைப் புயல்.

புயல் அடித்த தீவுக்கு இனிப் போகவே கூடாதா? அப்படி அல்ல. ஓட்டல் திறந்த பிறகு, தெரிந்தே போகிறவர்கள் அந்த மக்களுக்கு உதவியே செய்கிறார்கள். வீடு இழந்த சமையல்காரருக்குச் சம்பளம் வர வேண்டுமானால், விருந்தாளி வர வேண்டும் அல்லவா?

பிள்ளைகளுக்கு இடமில்லை!

இப்போது ஓட்டலுக்கு வருவோம். கரீபியன் தீவுகளில் "பெரியவர்களுக்கு மட்டும்" என்று பல ஓட்டல்கள் இருக்கின்றன. சிறு பிள்ளைகளை உள்ளே விட மாட்டார்கள்.

"பிள்ளைகளை விட்டுவிட்டு என்ன விடுமுறை?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் இதில் தவறாக எதுவும் இல்லை. இருபது வருடம் பிள்ளைகளுக்காகவே ஓடிய தாய் தந்தையர், ஒரு வாரம் அமைதியாகப் பேசிக்கொண்டிருக்க விரும்பினால் அது நியாயமான ஆசைதான்.

இந்த ஓட்டல்களில் பெரும்பாலும் எல்லாச் செலவும் ஒரே கட்டணத்தில் அடங்கும். அறை, மூன்று வேளைச் சாப்பாடு, பானம், படகு விளையாட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து முதலிலேயே பணம் கட்டிவிட வேண்டும். கையில் ஒரு பட்டை கட்டிவிடுவார்கள். பிறகு பட்டையைக் காட்டினால் போதும். பணப்பையைத் தொட வேண்டாம்.

இந்த முறை கரீபியனில் பிறந்ததல்ல. 1950-ம் ஆண்டில் ஜெரார் பிளிட்ஸ் என்ற பெல்ஜியம் நாட்டுக்காரர், ஸ்பெயினைச் சேர்ந்த மயோர்க்கா தீவில் கூடாரம் அடித்து விடுமுறை முகாம் நடத்தினார். ஒரே கட்டணம், எல்லாம் இலவசம் என்றார். அதுதான் கிளப் மெட். ஜமைக்காவில் 1978-ம் ஆண்டு ஜான் ஈசா என்பவர் ஓச்சோ ரியோஸ் ஊரில் ஜோடிகளுக்கு மட்டுமான ஓட்டலைத் திறந்தார். 1981-ம் ஆண்டு புட்ச் ஸ்டூவர்ட் என்ற ஜமைக்கா வியாபாரி மான்டிகோ பே நகரில் சாண்டல்ஸ் ஓட்டலைத் தொடங்கினார். பிறகு பல தீவுகளிலும் இந்த வழக்கம் பரவிவிட்டது.

இதில் நன்மை இல்லாமல் இல்லை. செலவு எவ்வளவு என்று புறப்படும்போதே தெரியும். புதிய ஊரில் பேரம் பேசத் தெரியாமல் ஏமாற வேண்டாம். ஆயிரக்கணக்கான உள்ளூர்க்காரர்களுக்கு வேலையும் கிடைக்கிறது.

ஆனால் ஒரு கெடுதலும் உண்டு. உள்ளே எல்லாம் இலவசம் என்றால், வெளியே யார் போவார்கள்? மதிலுக்கு அந்தப் பக்கம் மீன் வறுத்து விற்கும் பெண்ணுக்கு வியாபாரம் நடக்காது. டாக்சிக்காரர் வாசலில் காத்துக் கிடப்பார். ஓட்டலின் மாமிசமும் பழமும் கப்பலில் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கினால், உள்ளூர் விவசாயிக்கும் லாபம் இல்லை. ஓட்டலின் முதலாளி வெளிநாட்டவராக இருந்தால், லாபமும் வந்த விமானத்திலேயே திரும்பிவிடும். தீவுக்கு மிஞ்சுவது கூலியும் வரியும்தான்.

மணல் யாருடையது?

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தக் கரை யாருடையது?

ஜமைக்காவில் 1956-ம் ஆண்டில் ஒரு கடற்கரைச் சட்டம் வந்தது. அப்போது பிரிட்டிஷ் ஆட்சி. அலை வந்து போகும் கரை முழுவதும் அரசுக்குச் சொந்தம் என்றது சட்டம். பொதுமக்கள் எங்கு வேண்டுமானாலும் இறங்கிக் குளிக்கலாம் என்ற உரிமையை அது கொடுக்கவில்லை. 1962-ல் சுதந்திரம் வந்தது. சட்டமோ போகவில்லை. பொதுமக்கள் குளிக்கும் கரைகள் அங்கே உண்டு; சிலவற்றுக்குக் கட்டணம் உண்டு. ஆனால் தாத்தா காலத்திலிருந்து குளித்த கரையில் வேலி முளைத்ததைப் பார்த்து மனம் நொந்தவர்கள் பலர். உரிமை கேட்டு மக்கள் நீதிமன்றப் படி ஏறியிருக்கிறார்கள்.

பார்படாஸில் நிலைமை வேறு. அங்கே எல்லாக் கடற்கரையும் பொதுச் சொத்து. எவ்வளவு பெரிய ஓட்டலானாலும், அதன் முன்னால் உள்ள மணலில் மீனவர் மகன் பந்து விளையாடலாம். ஆனால் அங்கும் ஒரு சங்கடம். மணல் பொது, மணலுக்குப் போகும் வழி? ஓட்டல்கள் நெருக்கமாக எழும்பியதால் பல இடங்களில் ரோட்டிலிருந்து கடல் கண்ணுக்கே தெரியாது. கட்டடங்களுக்கு நடுவே மிஞ்சிய இடைவெளியை அந்த மக்கள் "கடலுக்குச் சன்னல்" என்கிறார்கள். அதை அடைத்துவிடாதீர்கள் என்று போராடுகிறார்கள்.

பிரெஞ்சுத் தீவுகளில் பழைய காலத்திலேயே ஒரு விதி இருந்தது. கடலோரத்தில் ஐம்பது எட்டு நிலம் அரசனுடையது. இன்றைய அளவில் அது 81 மீட்டருக்குச் சற்று அதிகம். கோட்டைக்கும் கப்பலுக்கும் வேண்டும் என்று அன்று ஒதுக்கினார்கள். அரசன் போய்விட்டான்; அந்த விதியின் தடம் போகவில்லை. இன்றும் மார்ட்டினிக்கிலும் குவாதலூப்பிலும் கடற்கரைக்கு நடந்து போக எவருக்கும் உரிமை உண்டு.

கடல், பணம் கட்டியவருக்கு ஒரு வார வேடிக்கை. அங்கே பிறந்தவருக்கு அது வயிற்றுப்பாடு. பிள்ளைகள் நீந்தப் பழகும் இடம். விருந்தாளிக்காக வீட்டுக்காரரை வெளியே நிறுத்துவது எந்த ஊர் நியாயம்?

மதிலைத் தாண்டினால்…

மதிலைத் தாண்டி வெளியே வருகிற பயணிக்கு நஷ்டம் இல்லை, லாபம்தான்.

பார்படாஸில் ஓயிஸ்டின்ஸ் என்ற மீனவர் ஊர். வெள்ளிக்கிழமை இரவில் அங்கே திருவிழாக் கூட்டம். அடுப்பில் மீன் சுடும் மணம் தெருவெல்லாம் வீசும். உள்ளூர்க்காரரும் வெளிநாட்டவரும் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். செயின்ட் லூசியாவில் குரோ ஐலே என்ற ஊரிலும் வெள்ளி இரவில் தெருவெல்லாம் ஆட்டம் பாட்டம்தான். அந்தச் சின்னஞ்சிறு தீவு இரண்டு நோபல் பரிசுக்காரர்களைப் பெற்ற தீவு: 1979-ல் பொருளாதாரத்துக்கு ஆர்தர் லூயிஸ்; 1992-ல் இலக்கியத்துக்கு டெரெக் வால்காட். குளிக்கும் குளத்தருகே ஒரு வாரமும் படுத்திருந்தவருக்கு இது எப்படித் தெரியும்?

தமிழர்களுக்கு நெருக்கமான செய்தியும் மதிலுக்கு வெளியேதான் இருக்கிறது. பிரெஞ்சுத் தீவுகளில் 1848-ம் ஆண்டு அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று 1850-களில் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து கூலியாட்களைக் கப்பலில் ஏற்றிப் போனார்கள். அவர்களில் தமிழர் ஏராளம். அவர்கள் வழி வந்தவர்கள் இன்றும் குவாதலூப்பில் வாழ்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசுவது மறைந்துவிட்டது. மாரியம்மன் வழிபாடு மறையவில்லை. சாங்கி என்ற இடத்தில் கண்ணைப் பறிக்கும் வண்ணச் சிலைகளோடு கோயில் எழுந்து நிற்கிறது. மசாலா அரைத்து வைக்கும் குழம்புக்கு அங்கே "கொலம்போ" என்று பெயர். ஊரே அதை விரும்பிச் சாப்பிடுகிறது!

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

ஆகவே, தீவுக்குப் போகிறவர் ஐந்து கேள்வி கேட்க வேண்டும்.

தீவு மலையா, மணலா? கரை கிழக்கா, மேற்கா? போகும் மாதம் புயல் மாதமா? புயல் வந்தால் பணம் திரும்ப வருமா? ஐந்தாவது கேள்வி: ஓட்டலின் முன்னுள்ள மணலில் ஊர்க்காரர்கள் நடக்கலாமா?

முதல் நான்கு கேள்வியும் பயணியின் சுகத்துக்காக. ஐந்தாவது கேள்வி அடுத்தவருக்காக. ஆயிரம் பேர் அந்தக் கேள்வியைக் கேட்டால், ஓட்டல் முதலாளி வேலி போடுவதற்கு முன் ஒரு தடவை யோசிப்பார்.

எல்லாம் அடங்கிய ஓட்டலில் தங்குவது குற்றம் அல்ல. தங்கட்டும். ஆனால் ஏழு நாளில் இரண்டு நாளாவது கைப்பட்டையை மறந்துவிட்டு வெளியே போக வேண்டும். ஊர்க் கடையில் சாப்பிட வேண்டும். ஊர் பஸ்ஸில் ஏற வேண்டும். சந்தையில் ஜாதிக்காயோ மாம்பழமோ வாங்க வேண்டும். அந்தக் காசு அன்றைக்கே அந்த ஊர் அடுப்பில் உலையாகக் கொதிக்கும்.